மக்னோலியாவின் சின்ன பாட்டில்கள்

அபிஸாக்கோ சந்தையில் கோழி வெட்டும் எவாரிஸ்தோ த்லபாலேயின் இடது கன்னத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் பளபளவென்றிருக்கும். வெயில் பட்டால் அந்த இடம் மட்டும் தனியாகச் சிவக்கும். யாராவது கேட்டால், "கிரீம் பெரிய டப்பாவா வாங்கினேன், அதான்" என்பான். கேட்டவர்களுக்கு ஒன்றும் விளங்காது. கோழிக்காலை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

வார நாட்களில் கோழி, வாரக் கடைசியில் கோதா. எவாரிஸ்தோ பயில்வான். அதிலும் பெண் வேஷம் போட்டு மோதும் எக்ஸோதிகோ: இமைக்கு நீலம், உதட்டுக்குச் சிவப்பு, தோளைத் தாண்டிப் புரளும் கூந்தல், ஜிகினா உடுப்பு, ‘மக்னோலியா’ என்று ஒரு பெயர். நடுவரின் அக்குளில் வாசனைத் தண்ணீர் பீய்ச்சுவான். எதிராளியைப் பிடித்து இழுத்து வாயில் முத்தம் கொடுப்பான். கூட்டம் கூரை பிய்ந்துபோகக் கத்தும். அதற்கப்புறம் அடிதான். முத்தம் வாங்கியவன் மானத்துக்காக அடிப்பான், கொடுத்தவன் பிழைப்புக்காக அடிப்பான். எவாரிஸ்தோவுக்கு விலா உடைந்திருக்கிறது, தோள்பட்டை கழன்றிருக்கிறது, முன்பற்கள் இரண்டும் சொந்தப் பற்கள் அல்ல. வாங்கியதைவிடக் கொடுத்தது அதிகம் என்று ஒரு திருப்தி மட்டும் அவனுக்கு உண்டு.

சின்ன வயதில் அவன் நடையைப் பார்த்தாலே தெருப் பையன்களுக்குக் கை ஊறும். ஒரு நாள் ரயில் பாதை ஓரம் அவனைத் தள்ளிக்கொண்டு போய், சரளைக் கல்லில் முகத்தைத் தேய்த்துவிட்டுப் போனார்கள். காயம் ஆறியதும் அவன் போலீசுக்குப் போகவில்லை, பயிற்சிக் கூடத்துக்குப் போனான். விழவும் எழவும் கற்றான், எப்படி அடித்தால் சத்தம் வரும், எப்படி அடித்தால் எலும்பு உடையும் என்று கற்றான். முதல் மோதல் கேட்டு நின்றபோது, மோதல் நடத்தும் ஃபிலிபெர்த்தோ அவனை மேலும் கீழும் பார்த்து, "அந்த நடையை மறைக்காதே. அதுக்குத்தான் டிக்கெட் விக்கும்" என்றார். அன்றைக்குப் பிறந்தவள் மக்னோலியா.

கன்னம் வெந்தது முதல் வருடத்தில். ஹுவமந்த்லா ஊர்க் கூடத்தில் உடை மாற்ற ஒரே அறை. விதியை மதிக்காமல் மோதும் முரட்டுக் கட்சிப் பயில்வான்கள் ஒரு பக்கம், இவன் கண்ணாடித் துண்டின் முன்னால் ஒரு பக்கம். அக்காள் ஒப்துலியா வாங்கிக் கொடுத்த பெரிய கிரீம் டப்பாவைப் பெஞ்சில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனான். திரும்பி வந்து, வழக்கம்போல அள்ளி அப்பிக்கொண்டு மேடைக்கு ஓடினான். விளக்குச் சூட்டில் வேர்வை இறங்கியதும் முகம் பற்றி எரிய ஆரம்பித்தது. குதிரைக் காலுக்குத் தேய்க்கிற தைலமும் மிளகாய்ப் பொடியும் கலந்திருந்தார்கள். கண்ணைத் திறக்க முடியவில்லை. வாய்விட்டு அழுதான். அழுவதும் நடிப்பு என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. யார் செய்தது என்று தெரியாததால், எதிரே நின்றவனை மூச்சுச் சத்தம் கேட்டுத் தேடிப் பிடித்து முழங்கையால் மூக்கை உடைத்தான். அந்த ஆள் பாவம், அன்றைக்குத்தான் பக்கத்து ஊரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தான்.

அதற்குப் பிறகு எவாரிஸ்தோ பெரிய டப்பா தொட்டதில்லை. பஸ் நிலையத்தில், ஊருக்குப் போகிறவர்களுக்காகச் சின்னச் சின்ன ஷாம்பு, கிரீம், முகப்பூச்சு, வாசனைத் தண்ணீர் விற்கும் பெட்டிக்கடைதான் அவன் கடை. எல்லாம் கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக். மூடியின் சீல் தன் கண் முன்னால் உடைய வேண்டும். ஒரு மோதலுக்கு ஒன்று. மிச்சத்தை அங்கேயே குப்பையில் போட்டுவிட்டு வருவான்.

குப்பையில் போடுவதைத்தான் ஒப்துலியாவால் தாங்க முடியவில்லை. கோழிக்கடை அவளுடையது, மக்னோலியாவின் உடுப்புத் தைப்பதும் அவள்தான்.

"இந்தச் சுண்டுவிரல் பாட்டில் அஞ்சு வாங்குற காசுக்குப் பெரிய பாட்டில் ஒண்ணு வரும்டா. அதுல இதைப்போல பத்து நிரப்பலாம். யாரு வீட்டுக் காசுன்னு நினைச்சே?"

"அக்கா, நீ கோழியை முழுசாவா விக்கிற? கால் தனி, நெஞ்சு தனி, ஈரல் தனி. முழுக்கோழியைவிட ரெட்டை விலை. ஜனம் வாங்குதுல்ல?"

"அவங்களுக்கு ஒரு கால் போதும், வாங்குறாங்க."

"எனக்கும் ஒரு மூஞ்சிக்குப் போதும்."

"உன் மூஞ்சிக்கு ஒரு பீப்பாய் பத்தாது" என்றாள் ஒப்துலியா. வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எவாரிஸ்தோ கத்தியை ஓங்கி ஒரு கழுத்தைத் துண்டாக்கினான்.

ஊர்த் திருவிழாவுக்கு மாட்டுச் சண்டை மைதானத்தில் பெரிய மோதல் என்று ஃபிலிபெர்த்தோ அறிவித்தது அந்த மாதம்தான். மக்னோலியாவுக்கு எதிராகக் கொம்பன். முடிக்கு முடி. தோற்றவன் தலையை மேடையிலேயே மழிப்பார்கள், மழித்த முடி ஜெயித்தவன் கைக்குப் போகும்.

கொம்பன் ஹுவமந்த்லாக்காரன். நிஜப் பெயர் கிரிசோஃபோரோ. நெஞ்சு கிணற்றுச் சுவர் மாதிரி இருக்கும். தலையில் நிஜ மாட்டுக் கொம்பு மாட்டிக்கொண்டு மேடைக்கு வருவான். கழற்றி வைத்த பிறகும் தலையாலேயே முட்டுவான். அவன் முட்டி மல்லாந்தவர்களில் சிலர் இன்னும் இரட்டையாகத்தான் பார்க்கிறார்கள்.

எவாரிஸ்தோவுக்குக் கொம்பனிடம் பயமில்லை. பயமெல்லாம் கூந்தலைப் பற்றித்தான். நாற்பது தாண்டிவிட்டது. சீப்பில் வருவதைப் பார்க்கிறான். ஒருமுறை மழித்தால் பழையபடி வளராது என்று அவனுக்குத் தெரியும். ஃபிலிபெர்த்தோவும் மூடி மறைக்கவில்லை.

"மொட்டை மக்னோலியாவுக்கு எவன் டிக்கெட் வாங்குவான்? தோத்தேன்னா வீட்ல இரு. முடி வளந்ததும் பாக்கலாம்."

"வளரலைன்னா?"

"கோழி இருக்கே."

மோதல் நாள் காலையில் ஒப்துலியா கடை மேசைக்கு அடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வெட்டுப் பலகையில் வைத்தாள். லாவண்டர் தண்ணீர். கனத்த கண்ணாடி, ஊதா நிறம், கழுத்தில் பித்தளை பம்ப். ஒரு குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது.

"சந்தையில ஆள் கடையைக் காலி பண்றான். பாதி விலை. பேசாம எடுத்துட்டுப் போ."

"கண்ணாடி, அக்கா."

"அதுக்கென்ன? உள்ள வேற யாரும் எதையும் கலக்க முடியாது, பம்ப்பைக் கழட்ட இடுக்கி வேணும். நானே பாத்துட்டேன். மைதானம் எவ்ளோ பெருசு. மேல கடைசி வரிசையில உக்காந்திருக்கவனுக்கு உன் சுண்டுவிரல் பாட்டில் தெரியுமா?"

அந்தக் கடைசி வரிசைதான் அவனைக் கவிழ்த்தது. கயிற்றைத் தாண்டி எதை எடுத்துப்போனாலும் அது எதிராளியின் பொருள் என்று புதுப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பவனே அவன்தான். நாற்காலி எடுத்துப்போனால் நாற்காலியால் அடி, மாலை போட்டுப் போனால் மாலையால் கழுத்து நெரிபடும். ஆனாலும் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தபோது ஊதா நிறம் கடை முழுக்க விழுந்தது. கோழிகள்மேல்கூட விழுந்தது. சரி என்றுவிட்டான்.

அன்று மைதானத்தில் உட்கார இடமில்லை. மக்னோலியா பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு மணலில் நடந்து வந்தபோது மேல் வரிசைவரை எழுந்து நின்று, "முத்தம், முத்தம்" என்று கத்தியது. கொம்பன் மூலையில் நின்று தரையைக் காலால் பறித்தான்.

"வாடி மகராணி, கோழி நாத்தம் தாங்கலைன்னு குடத்தோட வந்துட்டியா?"

"உன் வாய்க்குத்தான் கொண்டாந்தேன் மாமா" என்று எவாரிஸ்தோ அவன் முகத்தை நோக்கி ஒரு பீய்ச்சு பீய்ச்சிவிட்டு, பாட்டிலை மூலைக் கம்பத்தடியில் வைத்தான்.

முதல் சுற்றில் பேச நேரமில்லை. கொம்பன் கூந்தலைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்து, அவன் நெற்றியைக் கம்பத்தில் மோதினான். இன்னொரு முறை. இன்னொரு முறை. புருவம் பிளந்தது. ரத்தம் நீல இமைமேல் இறங்கியது. அப்படியே தோளில் தூக்கி முதுகை வில்லாக வளைத்தான். முதுகெலும்பு நொறுங்குவதற்கு முன்னால் எவாரிஸ்தோ பாயைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டான்.

இரண்டாவது சுற்றில் கொம்பன் முட்ட ஓடி வந்தான். எவாரிஸ்தோ ஒதுங்கவில்லை. இரண்டு காதையும் பிடித்து, ரத்தம் வழிந்த வாயால் நிதானமாக முத்தம் கொடுத்தான். கொம்பன் ஒரு கணம் மரமானான். அந்த ஒரு கணம் போதும். தொண்டையில் முழங்கை, வயிற்றில் முழங்கால், அவன் மடிந்ததும் காலோடு சுருட்டி மல்லாத்தித் தோளை அழுத்தினான். நடுவர் மூன்று எண்ணிவிட்டார். சரிக்குச் சரி.

மூன்றாவதில் இருவரும் வித்தையை விட்டுவிட்டார்கள். வெறும் கை, வெறும் தலை. ஒருவன் காதை ஒருவன் கடித்தான். பாயில் வழுக்கி விழுந்தார்கள், விழுந்த இடத்திலேயே குத்திக்கொண்டார்கள். கொம்பன் மூச்சு வாங்கிக் கயிற்றில் சாய்ந்தான். எவாரிஸ்தோ பாட்டிலை எடுத்தான். கண்ணில் பீய்ச்சி, கண் எரிகிற நேரத்தில் சுருட்டிவிடலாம் என்று எண்ணம். சின்ன பாட்டில் என்றால் பனிபோலத் தூவும், அவனுக்கு அந்தக் கைப்பழக்கம்தான். இது குழாய்போலப் பாய்ந்தது. கொம்பன் குனிந்தான். பின்னால் நின்ற நடுவரின் இரண்டு கண்ணிலும் போய் அடித்தது.

நடுவர் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். அதற்குள் பாட்டில் கொம்பன் கைக்கு வந்திருந்தது. ஓங்கி உச்சந்தலையில் இறக்கினான்.

கண்ணாடி உடைந்த சத்தம் கடைசி வரிசைக்கும் கேட்டது. லாவண்டர் தண்ணீர் தலையில் பிளந்த காயத்திலும், பிளந்த புருவத்திலும், கண்ணிலும் இறங்கியது. எவாரிஸ்தோவுக்கு உலகமே ஊதாவாகி, பிறகு வெள்ளையாகி, பிறகு ஒன்றுமில்லாமல் போயிற்று. மண்டியிட்டான். யாரோ தன் வலது கையைப் பிடித்து விரல்களை விரிப்பது தெரிந்தது. எதையோ வைத்து விரல்களை மறுபடி மூடினார்கள். பாட்டிலின் கழுத்து. கொம்பன் பாயிலிருந்து ஒரு சில்லைப் பொறுக்கித் தன் நெற்றியில் தானே ஒரு கோடு இழுத்துக்கொண்டு, தலையைப் பிடித்தபடி மல்லாந்து அலறினான்.

நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது கண்டது இதுதான்: கொம்பன் ரத்தத்தில் கிடக்கிறான், மக்னோலியா உடைந்த பாட்டிலோடு பக்கத்தில் மண்டியிட்டிருக்கிறாள்.

"இது யாரு பாட்டில்?" என்றார் நடுவர்.

"என்னுதுதான், ஆனா..."

"உன்னுதுதானே. ஊரே பாத்துச்சு."

விதிமீறல். மக்னோலியா தோற்றாள். சின்ன பிளாஸ்டிக் பாட்டிலைக் கையில் வைத்துவிட்டு மண்டை உடைந்ததாக எவனும் கதை கட்ட முடியாது. அந்த நினைப்பு எவாரிஸ்தோவுக்கு நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் வந்தது. மழிக்கும் மிஷின் அவன் கூந்தலுக்குள் நுழைந்து, கண்ணாடிச் சில்லு மாட்டி, கிறீச்சிட்டு நின்றது. நாவிதர் சில்லைக் கையால் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டுவிட்டு மேலே போனார். மைதானம் பாதி சிரித்தது, பாதி திட்டியது. கொம்பன் முடிக் கற்றையை உயர்த்திப் பிடித்து நான்கு திசைக்கும் காட்டினான். ரத்தம் சொட்டும் கற்றை.

கீழே இறங்கும் வழியில் ஒப்துலியா நின்றிருந்தாள். தினம் நூறு கோழி வெட்டுகிற கை. கொம்பன் பக்கத்தில் வந்ததும் வாயில் ஒன்று விட்டாள். உதடு கிழிந்தது.

"அக்கா, போதும்."

"நான் ஒண்ணுதான் குடுத்தேன்" என்றாள். "பாட்டிலுக்குக் காசு குடுத்தது நான்."

தையல் போட இருந்தது ஒரே டாக்டர், ஒரே பெஞ்சு. எவாரிஸ்தோவும் கொம்பனும் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருந்தார்கள். அறை முழுக்க லாவண்டர் வாசனை.

"கண்ணாடியைக் கொண்டாந்து முன்னால வெச்சுட்டு, அடிக்காதேன்னா எப்படி?" என்றான் கொம்பன். கிழிந்த உதட்டால் பேச்சு குழறியது. "கோவமா?"

"அடிச்சதுக்கு இல்லை. கையில வெச்சு மூடுனே பாரு."

"அது தொழில்டா."

"உங்க ஊர்ல என் கிரீம்ல தைலம் கலந்தாங்களே. அதுவும் தொழிலா?"

கொம்பன் சிரித்தான். சிரித்ததில் தையல் வலித்திருக்க வேண்டும். "அந்த நீல டப்பாவா? எவ்ளோ பெருசுடா அது. நாங்க மூணு பேர் கை விட்டுக் கலக்கியும் இடம் மிச்சம். அப்ப சின்ன வயசு, விடு."

டப்பா நீலம் என்று எவாரிஸ்தோ இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. டாக்டர் ஊசியை இழுத்து முடிச்சுப் போட்டார்.

இரண்டு வாரம் தொப்பி போட்டுக் கோழி வெட்டினான். ஜனங்கள் கோழிக்கு வந்தார்களோ தலையைப் பார்க்க வந்தார்களோ, வரிசை நீண்டது. "எப்ப இறங்குற மக்னோலியா?" என்று கேட்டுவிட்டுத்தான் பையை நீட்டினார்கள். மூன்றாவது வாரம் தையல் பிரித்த கையோடு, கொம்பன் மோதுகிற ஸகத்தெல்கோ ஊர்க் கூடத்துக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றான். அன்றைக்குக் கொம்பனோடு மோத வேண்டிய ஆள் கால் சுளுக்கி வரவில்லை. ஃபிலிபெர்த்தோ வாசலில் நின்று சுருட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"நோட்டீஸ்ல உன் பேரே இல்லையே."

"கோதாவுல ஆளும் இல்லையாமே."

"மொட்டைத் தலைடா."

"உங்களுக்கு அடி வேணுமா, முடி வேணுமா?"

ஃபிலிபெர்த்தோ உள்ளே நிரம்பியிருந்த கூட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

எவாரிஸ்தோ பையைத் திறந்தான். சீல் உடையாத சின்ன முகப்பூச்சு, சின்ன உதட்டுச் சாயம், சின்னக் குப்பியில் பாதாம் எண்ணெய். எண்ணெய் முழுவதையும் தலையில் கவிழ்த்துத் தேய்த்தான், மொட்டை விளக்குப்போல மின்னியது. தழும்பு ஓடிய இடத்தைச் சுற்றி உதட்டுச் சாயத்தாலேயே ஒரு பூ வரைந்தான். சுண்டுவிரல் வாசனைப் பாட்டிலை இடுப்பில் செருகினான்.

கூட்டம் முதலில் திகைத்தது, பிறகு கூரையைப் பிய்த்தது. மக்னோலியா நேரே போய்க் கொம்பன் நெற்றியில் அவன் தானே கிழித்துக்கொண்ட கோட்டின்மேல் வாசனைத் தண்ணீரைத் தூவினாள். கொம்பனுக்கு ஆத்திரம். வெடுக்கென்று பாட்டிலைப் பிடுங்கினான். பிடுங்கிவிட்டு அதைப் பார்த்தான். உடையாது. எறிந்தால் வலிக்காது. உள்ளங்கையில் இருப்பதுகூட வெளியே தெரியவில்லை. கூட்டத்தில் ஒருவன், "குடிச்சிடு கொம்பா" என்றான்.

கொம்பன் இடது கையில் பாட்டிலைப் பொத்தியபடி, வலது கையைப் பழக்கம்போலக் கூந்தலைப் பிடிக்க நீட்டினான். அங்கே கூந்தல் இல்லை. விரல்கள் எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போக, அவன் உடம்பும் கூடவே முன்னால் சரிந்தது. எவாரிஸ்தோ முழங்காலைத் தூக்கினான். சுள்ளி ஒடிவதுபோல மூக்கு உடைந்தது. இந்தத் தடவை ஆள் மாறவில்லை.

கொம்பன் மண்டியிட்டான். விரலிடுக்கில் ரத்தம் கொட்டியது. எவாரிஸ்தோ அவனை மல்லாத்தி, மூன்று எண்ணும்வரை நெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எழுந்தபோது கொம்பன் இன்னும் அந்தப் பாட்டிலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

"வெச்சுக்கோ" என்றான் எவாரிஸ்தோ. "அந்த நீல டப்பாவுக்குப் பதிலா."

அடுத்த வார நோட்டீஸில் மொட்டைத் தலைப் படம்தான் மேலே இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் ஒப்துலியா கோழி ரத்தம் காயாத மேலங்கியோடு பஸ் நிலையப் பெட்டிக்கடைக்குப் போனாள். ஒரு சின்ன பாட்டிலை எடுத்தாள், விலையைப் பார்த்தாள், திருப்பி வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"இந்தத் துளிக்கு இவ்ளோவா? பகல் கொள்ளை."

"பெரிசு வேணும்னா சந்தையில வாங்குங்களேன்" என்றாள் கடைக்காரி.

"உன்னை நான் ஆலோசனை கேட்டேனா? பத்து எடுத்துப் போடு. சீல் உடைஞ்சது ஒண்ணு இருந்தாலும் திரும்பி வருவேன்."